நாற்பது ஆண்டு கடந்த அணுமின் நிலையம்: இன்னும் ஓட்டலாம் என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

கேள்வி: கடலோர ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். சதுரங்கப்பட்டினத்திற்கு அருகில் குடியிருக்கிறேன். மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். என் வகுப்பில் பல பிள்ளைகளின் வீட்டில் யாராவது ஒருவர் கல்பாக்கத்தில் வேலை பார்க்கிறார் அல்லது முன்பு பார்த்தவர். அதனால் அணு உலைப் பாடத்தைப் புத்தகத்தில் உள்ள படத்தோடு முடித்துக்கொள்ள முடிவதில்லை.

சென்ற வாரம் ஒரு மாணவி, "பதினைந்து வருஷம் ஆன அரசு வண்டியை ஓட்டக் கூடாதுன்னு சொல்றாங்களே சார், அணு உலையை மட்டும் நாற்பது வருஷம் எப்படி ஓட்டலாம்?" என்று கேட்டாள். கல்பாக்கத்தில் உள்ள சென்னை அணுமின் நிலையத்தின் முதல் அலகு 1984 ஜனவரியிலும் இரண்டாவது அலகு 1986 மார்ச்சிலும் வணிக உற்பத்தியைத் தொடங்கியவை என்பது எனக்குத் தெரியும். அவற்றின் உள்ளே எந்தப் பாகம் முதுமை அடைகிறது, அதை யார் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், இனி ஓட்டக் கூடாது என்ற எல்லை எங்கே வருகிறது என்பவை எனக்குத் தெரியவில்லை. "எல்லாம் பாதுகாப்பாகத்தான் இருக்கிறது" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி அந்தப் பெண்ணை உட்கார வைக்க மனம் வரவில்லை. துறையில் இருந்தவர்கள் விளக்கினால் அப்படியே வகுப்பிற்கு எடுத்துச் செல்வேன்.

மறுமொழி 1: கனநீர்க்காரர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். கனநீர் உலைகளின் பராமரிப்புப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன் நான். மாணவியின் கேள்வி நியாயமானது. எனவே சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

நாற்பது என்ற எண்ணை முதலில் ஒதுக்கி வைத்துவிடலாம். அமெரிக்காவில் முதல் உரிமம் 40 ஆண்டுகளுக்கு என்று வகுத்தபோது, முதலீடு திரும்பும் காலம் போன்ற பொருளாதாரக் காரணங்களையே பார்த்தார்கள். இரும்பு 40 ஆண்டில் சோர்ந்துவிடும் என்ற கணக்கு எதுவும் அதன் பின்னால் இல்லை. அங்கே உரிமத்தை இருபது இருபது ஆண்டுகளாக நீட்டித்து 80 ஆண்டு வரை போகவும் வழி உண்டு. நம் நாட்டில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் இயக்க உரிமத்தை ஒரு முறைக்கு அதிகபட்சம் ஐந்தாண்டுகளுக்குத்தான் தருகிறது. பத்தாண்டுக்கு ஒரு முறை நிலையம் முழுவதையும், அது கட்டப்பட்ட காலத்து விதிகளோடு நிறுத்திக்கொள்ளாமல் இன்றைய விதிகளோடும் ஒப்பிட்டு மறு ஆய்வு செய்கிறார்கள்.

அடுத்து, ஒரு நிலையத்திற்கு ஒரே வயது கிடையாது. கட்டடத்திற்கு ஒரு வயது, கேபிளுக்கு ஒரு வயது, சென்ற ஆண்டு மாற்றிய பம்புக்கு ஒரு வயது. மாற்ற முடிந்த பாகம், மாற்ற முடியாத பாகம் என்று பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். கூடங்குளத்தில் உள்ளவை போன்ற உலைகளில் எரிபொருள் முழுவதும் ஒரே பெரிய எஃகுக் கலனுக்குள் இருக்கிறது. நியூட்ரான்கள் மோதி மோதி அந்த எஃகு நொறுங்கும் தன்மையை அடையும். கலனை மாற்ற முடியாது. ஆகவே அதே எஃகில் செய்த மாதிரித் துண்டுகளை உலைக்குள்ளேயே தொங்கவிட்டு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுத்து, சம்மட்டி போன்ற ஊசலால் அடித்து உடைத்துப் பார்ப்பார்கள். கலனுக்கு முன்பே மாதிரித் துண்டு முதுமை அடையும்படி, நியூட்ரான் கூடுதலாகப் படும் இடத்தில் அவற்றை வைப்பது வழக்கம்.

கல்பாக்கத்தில் இருப்பவை கனநீர் (டியூட்டீரியம் என்ற கனமான ஹைட்ரஜன் கொண்ட நீர்) உலைகள். இவற்றில் பெரிய அழுத்தக் கலன் இல்லை. அதற்குப் பதிலாக ஓர் அலகுக்கு 306 அழுத்தக் குழாய்கள் கிடைமட்டமாக வரிசை வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் ஐந்து மீட்டர் நீளம், எட்டு சென்டிமீட்டர் உள்விட்டம். சுவரின் தடிமனோ ஏறத்தாழ நான்கு மில்லிமீட்டர்தான். உள்ளே எரிபொருள் கட்டுகளும், மிகுந்த அழுத்தத்தில் 290 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் ஓடும் கனநீரும். இந்தக் குழாயைச் சுற்றி இன்னொரு குழாய். அதற்கு வெளியே குளிர்ந்த கனநீர். இரண்டு குழாய்களும் ஒன்றையொன்று தொட்டுவிடாதபடி இடையில் வளையல் போன்ற சுருள்வில்களை மாட்டியிருப்பார்கள்.

ஆண்டுகள் செல்லச் செல்ல அழுத்தக் குழாய் நீளுகிறது, நடுவில் தொய்கிறது, நீரிலிருந்து ஹைட்ரஜனையும் டியூட்டீரியத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுகிறது. இவை எல்லாம் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைக் கனடாவின் பிக்கரிங் நிலையம் 1983 ஆகஸ்ட் 1 அன்று உலகத்திற்குக் காட்டியது. அங்கே இரண்டாவது அலகில் ஒரு குழாயின் சுருள்வில்கள் இடம் நகர்ந்திருந்தன. தொய்ந்த குழாய் வெளிக்குழாயைத் தொட்டது. தொட்ட இடம் குளிர்ந்தது. குளிர்ந்த இடத்தை நோக்கி ஹைட்ரஜன் திரண்டு கொப்புளமாகக் கெட்டித்தது. அங்கிருந்து தொடங்கிய வெடிப்பு சுமார் இரண்டு மீட்டர் நீளத்திற்குக் குழாயைப் பிளந்தது. இயக்குநர்கள் உலையை நிறுத்திக் குளிர்வித்துவிட்டார்கள், யாருக்கும் பாதிப்பில்லை. ஆனால் அதற்குப் பிறகு, சிர்க்கலாய்-2 என்ற பழைய உலோகக் கலவையில் குழாய் போட்டிருந்த உலைகளுக்கு எல்லாம் தங்கள் எதிர்காலம் தெரிந்துவிட்டது. நம்முடைய தொடக்ககால உலைகளும் அந்தக் கணக்கில் சேர்ந்தவையே.

பாபா அணு ஆராய்ச்சி மையத்தினர் இதற்காகவே 'பார்சிஸ்' என்ற கருவியை உருவாக்கினார்கள். குழாய்க்குள் அதைச் செலுத்தி, மீயொலியாலும் சுழல் மின்னோட்டத்தாலும் சுவரின் தடிமன், விரிசல், சுருள்வில் நிற்கும் இடம், இரு குழாய்களுக்கு இடையில் மிச்சமுள்ள இடைவெளி ஆகியவற்றை அளப்பார்கள். குழாயின் உட்சுவரிலிருந்து மயிரிழை போன்ற சுரண்டல் துணுக்கு ஒன்றை எடுத்து, அதில் ஹைட்ரஜன் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ஆய்வகத்தில் பார்க்கும் முறையும் உண்டு. அந்தத் துணுக்கைக் கதிர்வீச்சுத் தடுப்புக்குப் பின்னால் இருந்து பார்த்திருக்கிறேன். பென்சில் சீவலைவிடச் சிறியது. ஒரு குழாயின் மிச்ச ஆயுளைச் சொல்வதற்கு அது போதுமானதாக இருந்தது.

எல்லை நெருங்கியபோது குழாய்களை மொத்தமாக மாற்றினார்கள்: ராஜஸ்தானின் இரண்டாவது அலகில் 1990களில், கல்பாக்கத்தின் இரண்டாவது அலகில் 2002-ல் தொடங்கி, பின்னர் முதல் அலகில். புதிய குழாய்கள் சிர்க்கோனியத்தோடு இரண்டரை விழுக்காடு நியோபியம் சேர்ந்த கலவை. ஹைட்ரஜனை மிக மெதுவாகவே உறிஞ்சுபவை. இதோடு இன்னொன்றும் சரியானது. 1980களின் இறுதியில், குழாய்களைச் சுற்றியுள்ள குளிர்ந்த கனநீரைத் தாங்கும் கலாண்ட்ரியா தொட்டிக்குள் கனநீர் நுழையும் பகுதியில் இருந்த தகடுகள் உடைந்ததால் இரண்டு அலகுகளும் நெடுங்காலம் 170 மெகாவாட்டிற்கு மேல் போகாமல் கட்டுப்பட்டு ஓடின. குழாய் மாற்றத்தின்போது கனநீர் நுழைய வேறு வழி அமைத்த பிறகே 220 மெகாவாட் மீண்டும் கிடைத்தது. பத்தாண்டுக்கு மேல் குறைந்த திறனில் ஓட்டச் சம்மதித்ததை நட்டம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அதைச் சரியான முடிவு என்றே அன்றும் சொன்னேன், இன்றும் சொல்வேன்.

ஆக, மாணவிக்கு என் பதில்: பேருந்தின் அடிச்சட்டத்தை எடுத்துவிட்டுப் புதிதாக மாற்றிக்கொள்ள முடியாது, கனநீர் உலையின் அடிச்சட்டம் போன்ற குழாய்களை மாற்றிக்கொள்ள முடியும். ஆனால் மாற்ற வேண்டிய நேரத்தை அளந்து அறிந்திருக்க வேண்டும்.

மறுமொழி 2: சுவர்த்தடிமன்

மேலே எழுதியவர் அளவிடும் பாகங்களைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் அனல் மின் நிலையங்களிலும் வேதி ஆலைகளிலும் இருபது ஆண்டுகளாக மீயொலிக் கருவியோடு குழாய்த் தடிமன் அளந்து பிழைப்பவன். என்னைத் தூங்கவிடாத விஷயம் யாரும் அளக்காத பாகங்கள்.

ஜப்பானின் மிஹாமா மூன்றாவது அலகை எடுத்துக்கொள்ளுங்கள். 2004 ஆகஸ்ட் 9. அது கதிரியக்கம் இல்லாத, சுழலி பக்கத்துச் சாதாரண வெந்நீர்க் குழாய். நீரோட்டத்தை அளக்கும் துளைத்தகட்டுக்கு அடுத்தாற்போல நீர் சுழித்துச் சுழித்து ஓடி உட்சுவரைக் கரைத்துக்கொண்டே வந்திருக்கிறது. பத்து மில்லிமீட்டராக இருந்த சுவர் ஒன்றரை மில்லிமீட்டருக்கும் கீழே போன நிலையில் குழாய் வெடித்தது. நெருங்கிவிட்ட வருடாந்தரப் பராமரிப்புக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்த தொழிலாளர்கள் மீது வெந்நீரும் ஆவியும் பாய்ந்தன. ஐந்து பேர் இறந்தார்கள், ஆறு பேர் காயமடைந்தார்கள். நிலையம் 1976-ல் ஓடத் தொடங்கியதிலிருந்து அந்த இடத்தை ஒரு முறைகூட அளந்ததில்லை, ஏனென்றால் ஆய்வுப் பட்டியலில் அந்த இடமே இல்லை. விடுபட்டது பிற்பாடு தெரியவந்து, அந்தப் பராமரிப்பின்போது அளப்பதாகவும் இருந்தார்கள்.

இது எனக்குப் புரியாத கதையன்று. ஓர் ஆலையில் (பெயர் வேண்டாம்) நானே கண்டது. பட்டியல்படி நாற்பது எல்போக்களை, அதாவது குழாய் வளைவுகளை, அளந்து முடித்துவிட்டேன், எல்லாம் சரி. சாரத்திலிருந்து இறங்கும்போது, பட்டியலில் எண் இல்லாத ஓர் எல்போ கண்ணில் பட்டது. பழைய வரைபடத்தை மாற்றி வரைந்தபோது விடுபட்டிருக்கிறது. பெயின்ட் பளபளவென்று இருந்தது. சுண்ணக்கட்டியால் கட்டம் போட்டு, ஜெல் தடவி, ப்ரோபை வைத்தேன். வெளி வளைவில் முதல் கட்டத்தில் 7.8, அடுத்ததில் 6.1, அதற்கடுத்ததில் 2.9. கருவிதான் பழுது என்று எண்ணி, அளவுக்கட்டையில் வைத்துச் சரிபார்த்துவிட்டு மறுபடி வைத்தேன், மறுபடியும் 2.9. அன்று மாலையே அந்தப் பாதையை நிறுத்தினார்கள்.

அணு உலைக்குள்ளேயே எதிர்பாராத இடத்திலிருந்து சிக்கல் வரும் என்பதற்கு நம் நாட்டிலும் சான்று இருக்கிறது. குஜராத்தின் காக்ரபாரில் 2015 ஜூலையில் இரண்டாவது அலகிலும், 2016 மார்ச் 11 அன்று முதல் அலகிலும் அழுத்தக் குழாய் கசிந்தது. இரண்டிலும் இருந்தவை மேலே சொன்ன புதிய நியோபியக் கலவைக் குழாய்கள். பழைய நோய் உள்ளே ஓடும் நீரால் வந்தது; இங்கே குழாயின் வெளிப்புறத்தில் அரிப்புப் புள்ளிகள் தோன்றியிருந்தன. இரு குழாய்களுக்கு இடையில் ஓடும் கரியமில வாயுவில் கலந்திருந்த மாசுதான் காரணமாகக் கண்டறியப்பட்டது. அந்த வாயுவை அங்கே ஓடவிட்டதே, கசிவு தொடங்கினால் ஈரப்பதத்தைக் கொண்டு கண்டுபிடிப்பதற்காகத்தான்! மக்களுக்குப் பாதிப்பு ஏற்படவில்லை. இரண்டு அலகுகளிலும் குழாய்களை எல்லாம் மாற்றிவிட்டார்கள். ஆனால் அன்று காலை வரை அப்படி ஒரு நோய் இருப்பதே யாருக்கும் தெரியாது.

மறுமொழி 3: நெய்தல்

கருவிகளைப் பற்றி இருவரும் எழுதியவற்றை மறுக்கவில்லை. ஆனால் கருவி காட்டிய பிறகும் மனிதர்கள் பார்க்க மறுத்தால் என்ன செய்வது என்று கேட்க விரும்புகிறேன்.

அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் டேவிஸ்-பெஸ் என்ற நிலையம். அங்கே உலைக் கலனின் மூடியில் ஒரு நுண்ணிய விரிசல் வழியாகப் போரிக் அமிலம் கலந்த நீர் கசிந்து, காய்ந்து, மூடியின் எஃகை அரித்துக்கொண்டே இருந்தது. காற்றிலுள்ள கதிரியக்கத்தைக் கண்காணிக்கும் கருவியின் வடிகட்டிகளில் 1999 முதலே துருப்பொடி அடைத்தது. அடைத்த வடிகட்டியைக் கழற்றிப் புதியதை மாட்டினார்கள். பின்பு அதை ஓரிரு நாளுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய நிலை வந்தும் அப்படியே செய்தார்கள். துரு எங்கிருந்து வருகிறது என்று யாரும் கடைசி வரை தேடிப் போகவில்லை. 2002 மார்ச்சில் பார்த்தபோது, பதினைந்து சென்டிமீட்டருக்கும் அதிகமான எஃகு ஓரிடத்தில் முழுவதும் கரைந்து போயிருந்தது. உலையின் அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத உட்பூச்சு உலோகம் மட்டுமே. சரி செய்து மீண்டும் ஓட்ட இரண்டு ஆண்டுகள் ஆயின.

இதே நிலையத்தில்தான் 1977 செப்டம்பரில் அழுத்தம் தணிக்கும் வால்வு ஒன்று திறந்தபடியே சிக்கிக்கொண்டது. இயக்குநர்கள் சமாளித்துவிட்டார்கள். அந்த அனுபவம் மற்ற நிலையங்களின் கட்டுப்பாட்டறைகளுக்குப் போய்ச் சேரவில்லை. பதினெட்டு மாதம் கழித்து, 1979 மார்ச் 28 அன்று, மூன்று மைல் தீவில் அதே வகை வால்வு அதேபோலச் சிக்கியது. இம்முறை உலையின் மையம் உருகியது. ஒரு நிலையம் கற்றதை இன்னொரு நிலையத்துக்குச் சொல்லும் அமைப்புகள் அதற்குப் பிறகே உருவாயின.

நம் ஊரைப் பற்றியும் வெளிப்படையாகவே சொல்கிறேன். ஒழுங்குமுறை வாரியத்திற்குப் போதிய சட்டபூர்வத் தன்னாட்சி இல்லை என்று இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரே 2012-ல் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கையில் எழுதியிருக்கிறார். நிலையத்தை நடத்துபவருக்கும் கண்காணிப்பவருக்கும் நடுவே தெளிவான தூரம் இல்லையென்றால், மேலே சொன்ன அளவீடுகளை எல்லாம் நாங்கள் எதை நம்பி ஏற்பது? இன்னொன்று: கர்நாடகத்தின் கைகா நிலையத்தில் முதல் அலகு 962 நாள் நிற்காமல் ஓடியதை உலக சாதனை என்று கொண்டாடினார்கள். நிறுத்தாமல் ஓட்டுவது பாதுகாப்பின் அடையாளமா, அல்லது ஆய்வைத் தள்ளிப்போட்டதன் அடையாளமா?

மறுமொழி 4: கனநீர்க்காரர்

நெய்தல் அவர்களே, தன்னாட்சி பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கண்காணிப்பவரின் கை வலுவாக இருப்பது நிலையத்தில் வேலை செய்பவனுக்கும் பாதுகாப்பு. "வாரியம் ஒத்துக்கொள்ளாது" என்று சொல்ல முடிந்ததால்தான் பல முறை எங்களால் மேலதிகாரியிடம் வாதாட முடிந்தது.

கைகாவைப் பற்றி: கனநீர் உலையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே எரிபொருளை மாற்றலாம், ஆகவே எரிபொருளுக்காக நிறுத்த வேண்டிய தேவை இல்லை. 2016 மே 13 முதல் 2018 டிசம்பர் 31 வரை அது ஓடியது, பிறகு திட்டமிட்டபடி பராமரிப்புக்கு நிறுத்தினார்கள். பாதுகாப்பு அமைப்புகளின் சோதனைகள் அந்த நாட்களிலும் நடந்துகொண்டேதான் இருந்திருக்கும். அவை இல்லாமல் உரிமம் நிலைக்காது. நீண்ட ஓட்டம் நல்ல பராமரிப்பின் விளைவாக வந்தால் மகிழ்ச்சி. ஆனால் நாள் எண்ணிக்கையே குறிக்கோளாகிவிட்டால், ஒரு தாங்கியில் சூடு ஏறும்போது "இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம்" என்று சொல்லத் தோன்றும். அந்த அளவில் உங்கள் அச்சம் சரியானது.

எங்கள் வேலையில் பெரும்பகுதி, ஒருநாளும் தேவைப்படக் கூடாத கருவிகளைத் தயாராக வைத்திருப்பதிலேயே கழிந்தது. அவசர டீசல் மின்னாக்கியைக் குறித்த நாளில் ஓட்டிப் பார்க்கும்போது, கட்டளை கொடுத்ததும் காற்று சீறும் ஒலி, பிறகு தரை அதிர்வது, மின்னழுத்த முள் ஏறி நிற்பது எல்லாம் சில நொடிகளில் முடிய வேண்டும். ஒரு நொடி தாமதமானாலும் லாக் புக்கில் எழுதுவோம். மறு ஷிப்டில் வருபவர் அதைப் படித்துக் கையெழுத்திட்ட பிறகுதான் முதல் ஷிப்டுக்காரர் எழுந்திருப்பார்.

டீசல் ஓடினாலும் போதாது என்பதை உத்தரப் பிரதேசத்தின் நரோரா நிலையம் கற்றுக்கொடுத்தது. 1993 மார்ச் 31 அதிகாலையில் முதல் அலகின் சுழலியில் தகடுகள் முறிந்து, ஹைட்ரஜனும் எண்ணெயும் தீப்பிடித்தன. முதன்மை மின்பாதையின் கேபிள்களும் மாற்று மின்பாதையின் கேபிள்களும் போதிய தீத்தடுப்பு இல்லாமல் ஒன்றாகச் சென்றதால் இரண்டும் சேர்ந்தே எரிந்தன. சுமார் 17 மணி நேரம் அந்த அலகில் மின்சாரமே இல்லை. டீசலால் ஓடும் தீயணைப்புப் பம்புகளைக் கொண்டு நீராவி ஆக்கிகளுக்கு நீர் செலுத்தினார்கள். உலை மீண்டும் உயிர்பெறாமல் இருக்க, இருட்டிலும் புகையிலும் ஏறிச் சென்று போரான் கரைசலைத் திறந்துவிட்டார்கள். அவர்கள் அந்த வால்வு இருக்கும் இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போய்த் தொடக்கூடியவர்கள். நாடெங்கும் கேபிள் பாதைகளைப் பிரித்துத் தீத்தடுப்பு வைத்தது அதற்குப் பிறகுதான்.

கல்பாக்கத்திலேயே 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையின் நீர் பம்புக் கட்டடத்துக்குள் ஏறியபோது, ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது அலகைப் பாதுகாப்பாக நிறுத்திக் குளிர்வித்தார்கள். முதல் அலகு அப்போது குழாய் மாற்றத்திற்காக நின்றிருந்தது. புகுஷிமாவுக்குப் பிறகு, வெளியிலிருந்து வண்டியில் நீர் கொண்டுவந்து இணைப்பதற்கான வாய்களையும் நம் நிலையங்களில் அமைத்திருக்கிறார்கள்.

எனக்கு உள்ள கவலை வேறு. குழாயை மாற்றலாம், நரோராவில் அந்த வால்வைத் தொட்ட கைகளை எப்படி மாற்றுவது? நாங்கள் ஓய்வு பெறுவதற்கு இரண்டு ஆண்டு முன்பாவது ஒவ்வொருவருடனும் ஓர் இளைஞரை நடமாட விட வேண்டும். சில பிரிவுகளில் அப்படி நடந்தது; சிலவற்றில் நாங்கள் போன பிறகுதான் ஆள் வந்தார்கள். பழைய ரிலே பலகைகளுக்கு உதிரிபாகம் செய்த தொழிற்சாலைகளும் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருக்கின்றன. இதையும் பாகங்களின் முதுமையோடு சேர்த்தே மறு ஆய்வில் எடைபோட வேண்டும்.

மறுமொழி 5: கடலோர ஆசிரியர்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. அழுத்தக் குழாய் கதையையும் மிஹாமா கதையையும் சேர்த்தே வகுப்பில் சொல்லப் போகிறேன். ஒன்றை மட்டும் சொன்னால் பாதி உண்மைதான் போய்ச் சேரும். நெய்தல் அவர்கள் எழுப்பிய கேள்வியை மாணவர்களே விவாதிக்கட்டும் என்று நினைக்கிறேன். வாரியத்தின் ஆண்டறிக்கைகளில் நிலையங்களில் நடந்த குறிப்பிடத்தக்க நிகழ்வுகளைப் பற்றி எழுதுகிறார்கள் என்று அறிந்தேன். அவற்றை இறக்கி, ஆளுக்கு ஒரு நிகழ்வு என்று படிக்கக் கொடுக்கலாம். இதைக் கையில் தொட்டுப் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி ஏதாவது செய்முறை உண்டா?

மறுமொழி 6: சுவர்த்தடிமன்

உண்டு. தேய்ந்துபோய்க் கழித்த எல்போ ஒன்றை நெடுக்காக அறுத்து வீட்டில் வைத்திருக்கிறேன். ஆலைகளில் உலோகம் தேய்வதை நான் பார்த்துப் பார்த்துப் பழகிய பிறகு, வேலைக்கு வரும் பையன்களுக்குக் காட்டுவதற்காக எடுத்து வைத்தது. அறுத்த பாதிகளைச் சேர்த்துப் பிடித்தால் வெளியே எந்தக் குறையும் தெரியாது. பிரித்தால் வெளி வளைவின் உட்புறம் தகரத்தட்டு விளிம்பு போல மெலிந்திருக்கும். தடிமன் மானியும் ஜெல்லும் கொண்டு வருகிறேன். முதலில் சேர்த்து வைத்த நிலையில் பிள்ளைகளே கட்டம் போட்டு அளந்து பலகையில் எழுதட்டும். எந்த இடத்தை அளப்பது என்பதையும் அவர்களே முடிவு செய்யட்டும். பிறகு பிரித்துக் காட்டலாம். இரண்டு பாடவேளை தேவைப்படும். சனிக்கிழமை வகுப்பு இருந்தால் எனக்கு வசதி. நாளைத் தனிமடலில் தெரிவியுங்கள்.